சம்பள சைக்கிள் டீமின் மேனேஜர்

அந்த விசில் வெள்ளி நிறம். கறுப்புக் கயிற்றில் கோத்து மேனேஜரின் கழுத்தில் எந்நேரமும் தொங்கும். சாப்பிட உட்கார்ந்தால் அதைத் தூக்கி முதுகுப் பக்கம் போட்டுக்கொள்வார். கோயிலுக்குள் போனாலும் கழற்றமாட்டார். ஊதுவதற்கு அவருக்குக் காரணம் எதுவும் வேண்டியதில்லை. டீ வர நேரமானால் ஊதுவார், ரோட்டில் மாடு படுத்திருந்தால் ஊதுவார், பேச்சு வராத இடத்திலும் ஊதிவிட்டு எங்களை ஒரு முறை முறைப்பார். ஆனால் அந்த மனிதர் ஒரு சைக்கிளின் சீட்டில் உட்கார்ந்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை. ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டிலிருந்து எங்கள் கம்பெனி எட்டி நடக்கிற தூரம்தான். அதற்கும் யாருடைய கேரியரிலாவது தொற்றிக்கொண்டு வருவார். எங்கள் பக்கத்தில் சம்பளத்துக்கு சைக்கிள் ஓட்டுகிற டீம் ஒன்றை முதன்முதலாக உண்டாக்கியவர் இவர்தான். சமீபத்தில் செத்துப்போனார். கல்யாண மண்டபத்தில் படத்திறப்பு வைத்தார்கள். “நீங்க அவர்கூட இருந்தவரு, நாலு நல்ல வார்த்த எழுதிக் குடுங்க” என்று கேட்டு இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். செத்தவரைப் பற்றிக் கெட்டது பேசக் கூடாது என்று என் மனைவியும் உள்ளேயிருந்து கண் காட்டினாள். உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். அவர் கையெழுத்து அழகாக இருக்கும். அது ஒன்றுதான் அகப்பட்டது. அதை அவர்களிடம் சொல்லி அனுப்பிவிட்டேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் ஒரு பீடிக் கம்பெனியில் வேலையாக இருந்தேன். பீடி சுற்றுகிற வீடுகளுக்கு இலைக்கட்டும் தூளும் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்து, சுற்றிய பீடியை வாங்கிவர வேண்டும். எங்கள் முதலாளி நல்ல மனிதர்தான், யாராவது புதிதாக ஒன்றைச் சொன்னால் நம்பிவிடுவது மட்டும்தான் அவரிடமிருந்த சிக்கல். வெளிநாட்டில் கம்பெனிப் பேர் போட்ட பனியனோடு ஆட்கள் சைக்கிள் பந்தயம் விடுகிற படத்தை ஏதோ ஒரு பத்திரிகையில் பார்த்துவிட்டார். நம் பீடிக்கும் அப்படி ஒரு டீம் இருந்தால் என்ன என்று அவருக்குத் தோன்றிய அதே வாரம், மேனேஜர் எங்கிருந்தோ வந்து சேர்ந்தார். பம்பாயில் பெரிய பெரிய சைக்கிள்காரர்களைப் பழக்கியவன் என்று சொல்லிக்கொண்டார். பம்பாயில் அவர் சினிமாக் கொட்டகை சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தவர் என்று பிற்பாடு ஒருவர் சொன்னார். அதையும் நான் நம்பவில்லை. டோக்கன் கொடுக்கிற வேலைக்குக்கூட கொஞ்சம் நாணயம் வேண்டுமே.

டீமுக்கு ஆள் எடுத்த கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். நாங்கள் அன்றைக்குச் சிரிக்கவில்லை, அதுதான் வேதனை. பள்ளிக்கூட மைதானத்தில் எங்களையெல்லாம் வரிசையாக நிற்கவைத்து, லுங்கியை முழங்காலுக்கு மேல் தூக்கச் சொல்லி, கெண்டைச்சதையைக் கிள்ளிப் பார்த்தார். சந்தையில் மாடு பிடிக்கிறவன்கூட பல்லைப் பார்ப்பான், நடக்கவிட்டுப் பார்ப்பான். இவர் யாரையும் ஓட்டச் சொல்லவில்லை. “வேகம் நான் குடுப்பேன், கால மட்டும் நீங்க கொண்டாங்க” என்றார். செங்கத்தில் ஒருவன் சைக்கிள் பந்தயத்தில் வருஷா வருஷம் முதல் பரிசு வாங்கியவன் என்று கேள்விப்பட்டு, ஆள் அனுப்பி அழைத்துவந்து, மாலை போட்டு, அவன்தான் கேப்டன் என்று அறிவித்தார். அந்தப் பையன் பொங்கலுக்குப் பொங்கல் வாங்கிய பரிசெல்லாம் மெதுவாக ஓட்டுகிற போட்டியில் வாங்கியது. காலைக் கீழே ஊன்றாமல் கடைசியாக வருகிறவனுக்குப் பரிசு கொடுப்பார்களே, அந்தப் போட்டி. அவன் பாவம், முதல் நாளே சொல்லிப் பார்த்தான். மேனேஜர் விசிலை ஊதி அவன் வாயை அடைத்தார். அமிர்திப் பக்கத்திலிருந்து இன்னொருவன் வந்தான். ஊர் ஊராகப் போய், திடலில் கம்பம் நட்டு, ராத்திரி பகலாகக் கீழே இறங்காமல் சைக்கிள் சுற்றுகிறவன். நல்ல பலசாலி. ஆனால் வருஷக்கணக்கில் இடது பக்கமாகவே சுற்றிப் பழகியவன், வலது பக்கம் வளைவு வந்தால் மிரண்டுபோவான். வலது வளைவே இல்லாத மலைப்பாதை எங்கே இருக்கிறது? மூன்றாவது ஆள் ஒரு பால்காரர். அப்புறம் நான். ஐந்தாவதாக முதலாளியின் அக்கா மகன். வாணியம்பாடியில் படித்துக்கொண்டிருந்த பிள்ளை, குண்டாக, நல்ல நிறமாக இருப்பான். அவனிடம் மட்டும்தான் சொந்தமாக ரேஸ் சைக்கிள் இருந்தது. ஏறி இறங்கவும் தெரிந்திருந்தது.

ஆறாவது ஆளை மேனேஜர் தேடிப் போகவில்லை. அவராகவே வந்து வாய்த்தார். ஒருநாள் முதலாளியின் ஜீப்பில் மேனேஜரோடு நானும் மலைக்குப் போனேன். பந்தயம் விடுகிற பாதையைப் பார்க்கப் போகிறாராம். பாதி ஏற்றத்தில் ஜீப் சூடாகி நின்றுவிட்டது. டிரைவர் தண்ணீர் தேடி இறங்கிப் போனான். அப்போது கீழேயிருந்து ஒரு சைக்கிள் ஏறி வந்தது. கேரியரில் உப்பு மூட்டை, பாரில் மண்ணெண்ணெய் டின். ஓட்டி வந்தவர் எழுந்து நின்று மிதித்துக்கொண்டு, எங்களைப் பார்த்து ஒரு சின்னத் தலையாட்டலோடு கடந்து போனார். எனக்கு அவரைத் தெரியும். மலையிலிருந்து புளி கொண்டுவந்து ஆலங்காயத்தில் போட்டுவிட்டு உப்பும் எண்ணெயும் வாங்கிப் போகிறவர். எல்லோருக்கும் அவர் புளிக்கார அண்ணன். புளி மூட்டையோடு இறங்கும்போது ஒரு மரக்கிளையை வெட்டிப் பின்னால் கயிற்றில் கட்டி, அது தரையில் இழுபட இழுபட வருவார். மலைக்காரர்களுக்கு அதுதான் பிரேக்.

மேனேஜர் விசில் ஊதி அவரை நிறுத்தினார். சைக்கிள் ஓட்டினால் மாதாமாதம் சம்பளம், கம்பெனி சட்டை, பீடிக் கம்பெனி ஆள் என்று எல்லோரும் மதிப்பார்கள் என்று அளந்தார். அண்ணன் மூட்டை சாயாமல் சைக்கிளை இடுப்பில் தாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டு, “செரிங்க, இன்னா ஏத்திக்கினு போணும்?” என்றார். ஒன்றும் ஏற்ற வேண்டாம், வெறும் சைக்கிளை ஓட்டினால் போதும் என்றார் மேனேஜர். அண்ணனுக்கு அது பிடிபடவேயில்லை. ஒரு பொருளும் இல்லாமல் ஓட்டுகிறவனுக்கு எதற்காகச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று என்னைத்தான் பார்த்தார்.

பிறகு பயிற்சிக்கு வந்தார். வெறும் சைக்கிளில் அவருக்கு ஓட்டம் அமையவில்லை, முன்சக்கரம் ஆடியது. கேரியரில் ஒரு மூட்டை மண்ணைக் கட்டிக் கொடுத்ததும் எங்கள் எல்லோரையும் ஏற்றத்தில் விட்டுவிட்டுப் போய்விட்டார். கொஞ்சம் கொஞ்சமாக மண்ணைக் குறைத்து அவரை வெறும் சைக்கிளுக்குப் பழக்கியவர் பால்காரர். மேனேஜர் மர நிழலில் படுத்திருந்தார். அந்த நாட்களில் அண்ணன் என்னோடு நெருங்கிவிட்டார். ஒருநாள் கால் கழுவிக்கொண்டே சொன்னார்: “சந்தைல எட போட்றவன் டேய்ன்றான், பாரஸ்ட்டுக்காரன் டேய்ன்றான். எம் பொண்டாட்டி பக்கத்துல நிக்கசொல்லவும் டேய்தான். அந்தச் சட்டைய போட்டுக்கினா ஒருத்தனும் டேய்ன்னு கூப்ட மாட்டான் இல்ல?” மாட்டான் என்றேன். சம்பளத்தைப் பற்றி அவர் என்னிடம் பேசிய ஞாபகமே இல்லை. அவருக்கு வேண்டியிருந்தது அந்தச் சட்டை. ஊரில் மனைவியும் எல்லோரிடமும் சொல்லி வைத்துவிட்டாளாம்.

டீமைத் தொடங்கி வைக்கிற நாள் குறித்தார்கள். ஆலங்காயத்தில் கொடி அசைப்பார்கள், மலைப்பாதையில் ஏறி, மேலே சந்தை கூடுகிற ஊரில் முடிக்க வேண்டும். அங்கே பந்தல், பேண்டு, முதலாளி கையால் கோப்பை. மலையூர்களின் நாட்டார், அதாவது அவர்கள் பஞ்சாயத்துப் பெரியவர், தலைப்பாகையோடு மேடையில் உட்காருவார் என்று ஏற்பாடு. முதல் பந்தயத்தில் முதலாளியின் அக்கா மகன் ஜெயித்தால் முதலாளிக்கு உச்சி குளிரும், அதற்குப் பிறகு தன் காட்டில் மழைதான் என்று மேனேஜர் கணக்குப் போட்டார். அந்தப் பிள்ளையால் முதல் வளைவைக்கூட ஒழுங்காக ஏற முடியாது. அது மேனேஜருக்கும் தெரியும்.

முந்தின நாள் சாயங்காலம் கம்பெனிக் கொட்டகையில் நான் டியூபுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தேன். மேனேஜர் அண்ணனை உள்ளே கூப்பிட்டார். நான் இருப்பதைப் பார்த்தும் அவர் லட்சியம் பண்ணவில்லை. எங்களையெல்லாம் அவர் மனிதராக எண்ணினால்தானே.

“நாளிக்கி நீ டீம்ல இல்ல. சும்மா கூடப் போற மாதிரி போ. காட்டுக்குள்ள போனதும் முதலாளி வூட்டுத் தம்பி முதுவுல கை வச்சித் தள்ளிக்கினு போ. மேல கடைசி வளைவு வந்ததும் வுட்டுட்டு நீ பின்னால நின்னுக்கோ” என்றார்.

அண்ணன், “எங்க ஜனமெல்லாம் மேல வந்து நிக்கும்ங்க” என்றார்.

மேனேஜர் டிரங்குப் பெட்டியைத் திறந்து மஞ்சள் சட்டை ஒன்றை எடுத்து அவர் மார்பில் வைத்துக் காட்டினார். “பாத்துக்கினியா, உன் அளவு. அடுத்த ரேஸுக்கு இது உன்துதான். ஆனா ஒண்ணு, நான் சொல்லித்தான் செஞ்சேன்னு யாரு கேட்டாலும் சொல்லக் கூடாது. கையடிச்சிக் குடு.” அண்ணன் கையடித்துக் கொடுத்தார். மேனேஜர் சட்டையை மடித்து மறுபடியும் பெட்டியில் வைத்துப் பூட்டினார். அண்ணன் வெளியே வந்ததும், எதற்கு ஒத்துக்கொண்டீர்கள் என்று சண்டை போட்டேன். ஒரு தடவைதானே என்று சொல்லிவிட்டுப் போனார்.

பந்தய நாளைப் பற்றி விவரமாக எழுத ஆசைதான், ஆனால் பந்தயம் என்று சொல்ல அங்கே என்ன நடந்தது? எங்கள் கேப்டன் பழக்க தோஷத்தில் கொடி அசைத்த இடத்திலேயே பேலன்ஸ் பிடித்துக்கொண்டு நின்றான். சுற்றுகிறவன் முதல் வலது வளைவில் இறங்கி சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தான். பால்காரரும் நானும்தான் மிதித்தோம். எங்களுக்கு மேலே, ஒரு வளைவு தள்ளி, அவர்கள் இருவரும் போவது மரங்களின் இடைவெளியில் தெரிந்தது. அண்ணன் ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அந்தப் பிள்ளையின் முதுகைத் தள்ளிக்கொண்டே மிதித்தார். இரண்டு பேர் எடையையும் ஒருவரே மலைக்கு ஏற்றினார். அப்படியும் எங்களால் அவர்களைப் பிடிக்க முடியவில்லை. நான் வாழ்நாளில் பார்த்த சைக்கிள் ஓட்டங்களில் அதுதான் பெரியது. அதை அவர் திருட்டுத்தனமாக ஓட்ட வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றி எரிகிறது.

கடைசி வளைவில் சொன்னபடியே கையை எடுத்திருக்கிறார், மேலே நின்று பார்த்தவர்கள் பிற்பாடு சொன்னார்கள். அந்தப் பிள்ளையோ பாதி வழியிலேயே மிதிப்பதை நிறுத்திவிட்டு சொகுசாக உட்கார்ந்து வந்தவன். கை எடுத்ததும் சைக்கிள் ஆடி, பள்ளத்துப் பக்கமாகச் சாய்ந்தது. அண்ணன் எட்டி அவன் சட்டையைப் பிடித்து நிமிர்த்தினார். மலையில் பாரம் கொண்டு போகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பாரம் வழியில் சாய்ந்து கையில் தாங்கிப் பிடித்துவிட்டால், அதற்கப்புறம் நடுவில் எங்கும் இறக்கமாட்டார்கள், சேர வேண்டிய இடத்தில்தான் இறக்குவார்கள். உப்பு மூட்டைக்கு உள்ள அந்த நியாயத்தை அவர் முதலாளியின் அக்கா மகனுக்கும் கொடுத்துவிட்டார். பேண்டு வாசிக்க, ஜனம் கூச்சல் போட, முதலாளியும் நாட்டாரும் எழுந்து நின்று பார்க்க, அவனைத் தள்ளிக்கொண்டே வந்து, கோட்டைத் தாண்டி, பந்தல் காலில் சாய்த்து நிறுத்திவிட்டுத்தான் கையை எடுத்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பேண்டு நின்றிருந்தது. அந்தப் பிள்ளை பந்தலுக்குப் பின்னால் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். முதலாளியின் முகம் கறுத்துப்போயிருந்தது. மேனேஜர், “பாத்தீங்களா முதலாளி, தம்பிகிட்ட நல்ல பேரு வாங்கறதுக்கு இவன் பண்ண வேலய” என்று குதித்துக்கொண்டிருந்தார். எனக்கு மூச்சு வாங்கியது. இருந்தாலும் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன், மேனேஜர் சொல்லித்தான் அவர் தள்ளினார், நேற்று சாயங்காலம் நான் பக்கத்தில் இருந்தேன் என்று. மேனேஜர் என்னைத் திட்டுவார், அடிப்பார் என்று நினைத்தேன். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அண்ணனுக்கு நேரே போய் நின்றார்.

“நான் சொன்னனா? உங்க ஜனம் முன்னால நீயே சொல்லு” என்றார்.

கையடித்து வார்த்தை கொடுத்தவன் மீறமாட்டான் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. மலைக்காரர்களைப் பற்றி அந்த ஆள் தெரிந்து வைத்திருந்தது அது ஒன்றுதான். அதை எதற்குப் பயன்படுத்தினார் பாருங்கள். அயோக்கியர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பிற்காலத்தில் பஸ் கண்டக்டராக இருந்தவன் நான், தினமும் பார்த்தேன். ஆனால் எதிராளியின் நாணயத்தையே நம்பி அயோக்கியத்தனம் செய்கிற ஆளை அவரைத் தவிர வேறு யாரையும் கண்டதில்லை.

நாட்டார் மேடையை விட்டு இறங்கி வந்தார். “இந்தப் புள்ள சொல்றது நெசமாடா?” என்று கேட்டார். அண்ணன் தலையைக் குனியவில்லை. “இல்லீங்க. நானாத்தான் தள்ளினேன்” என்றார். பெண்கள் நின்றிருந்த பக்கத்திலிருந்து ஒருத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஊரைப் பார்த்து நடந்தாள். அதுதான் அவர் மனைவி என்று யாரோ சொன்னார்கள். களவு செய்கிறவனுக்கு என் டீமில் இடம் இல்லை என்று முதலாளி சொல்லிவிட்டார். முதலாளி ஏன் அப்படிச் சொன்னார் என்று நான் குறைப்படமாட்டேன். அவர் கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும் அதுதான்.

மறுநாள் மேனேஜர் என் டீம் சட்டையைத் திருப்பிக் கேட்டார். துவைக்காமல் கொடுத்தேன். டீம் அதற்குப் பிறகு சமவெளியில் ஏதோ ஒரு பந்தயத்துக்குப் போய், கேப்டன் தன் திறமையையெல்லாம் காட்டி எல்லோருக்கும் கடைசியாக வந்தானாம். அத்தோடு கலைந்தது. மேனேஜருக்கு என்ன குறை? கபடி, கைப்பந்து, கடைசியில் நடைப்பயிற்சி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சங்கம் வைத்து, எல்லாவற்றுக்கும் தானே தலைவராகி, பொன்னாடை பொன்னாடையாகப் போர்த்திக்கொண்டு செத்தார். அண்ணன் அதன்பிறகு ஆலங்காயம் பக்கம் வரவில்லை, மலைக்கு அந்தப்பக்கம் போளூர் சந்தைக்குப் புளியைக் கொண்டுபோகிறார் என்று கேள்விப்பட்டேன். அவர் ஊரில் பிள்ளைகள் அவரைக் கண்டால் “தள்ளு தள்ளு” என்று கத்துவார்களாம். போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைப்பேன். எனக்குக் கிடைத்த ரூட்டெல்லாம் வேலூர், திருப்பத்தூர் என்று கீழேயே ஓடின.

படத்திறப்புக்கு நான் போனதே, என்னென்ன பொய் சொல்கிறார்கள் என்று கேட்கத்தான். மண்டபத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். தோளில் துண்டு போட்ட ஒரு கிழவர் வாசலில் நின்று, உள்ளே போகலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். நேராக மேனேஜரின் படத்துக்குக் கிட்டே போனார். பூவும் போடவில்லை, கும்பிடவும் இல்லை. முகத்தை நன்றாக உற்றுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். அவர் நடையைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. எழுந்து போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். அவருக்கு என்னை அடையாளம் பிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றோம்.

“செத்தது அவருதானே? வேற யாரும் இல்லையே?” என்று கேட்டார். அவரேதான் என்றேன். “பஸ்ஸுல பேசிக்கினாங்க. நெசமான்னு பாத்துட்டு போலாம்னு வந்தேன்” என்றார். பிறகு துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: “கையடிச்சிக் குடுத்தது அவருக்குத்தானே. அவருதான் இல்லியே. இப்ப சொன்னா தப்பு ஒண்ணும் இல்லீங்களே?”

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. தப்பே இல்லை அண்ணா என்றேன். அவர் சொல்ல வேண்டியவர்களை மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். முதலாளி இல்லை. நாட்டார் போய் எத்தனையோ காலம். அந்த அக்கா மகன் எந்த ஊரில் இருக்கிறானோ. “இனிமே யாருகிட்ட அண்ணா சொல்லப் போறீங்க?” என்று கேட்டேன்.

“வூட்ல அவ கீறா” என்றார். “அன்னிக்கி ராவு ஒரே ஒரு தபா கேட்டா. அப்பவும் நானாத்தான் தள்ளினேன்னு சொன்னேன். அப்புறம் அவ கேக்கவே இல்ல.”

உள்ளே ஒருவர் மைக்கில் மேனேஜரின் நேர்மையைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார். அண்ணன் அதைக் காதில் வாங்கவில்லை. மலைக்குப் போகிற பஸ் எப்போது என்று கேட்டார். இன்னும் நேரம் இருக்கிறது, உட்காருங்கள், ஒரு டீ குடிக்கலாம் என்றேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டைப் பார்த்து வேகமாக நடந்தார்.